நாற்காலியை விடாத கல்லம்மா

மேலமடையூர்க் கலைக்கூடத்தில் வாசலை ஒட்டி நின்றுகொண்டிருந்த கல்பெண் ஒரு நாள் பீடத்தை விட்டு இறங்கி, அங்கே இருந்த ஒரே சக்கர நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாதங்கள் இரண்டையும் பீடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். கணுக்காலில் என்றைக்கோ உடைந்து சிமெண்டு வைத்து ஒட்டிய பாதங்கள் அவை. தண்டையோடு அசையாமல் அங்கேயே நின்றன. காலையில் கதவைத் திறந்த காவலாளி ஆறுமுகநயினார் பீடத்தைப் பார்த்தார், தாழ்வாரத்து நாற்காலியைப் பார்த்தார். ஆச்சரியப்பட அவருக்கு நேரமில்லை, பெருக்குகிற ஆள் வந்துவிடும், குழம்புவதற்குத்தான் நேரமிருந்தது. எழுந்திருங்க என்று மரியாதையாகச் சொல்வதா, எந்திரி என்று அதட்டுவதா, இல்லை கும்பிடு போடுவதா? ஒன்றும் பிடிபடாமல், தெருமுனைக்குப் போய் ஒரு டீ வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தார். டீ ஆடை கட்டி ஆறிப்போனது. அவள் எப்போதும் போல இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, விரல்களை மடக்கி, இல்லாத எதையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பீடத்து அட்டையிலும் அப்படித்தான் எழுதியிருக்கும்: பெண் சிற்பம், கையில் ஏந்தியிருந்தது விளக்கா மாலையா தெரியவில்லை.

காப்பாட்சியர் மெர்சி புஷ்பம் மேடத்துக்குத்தான் அழுகை வந்தது. நடக்க முடியாதவர்களும் பார்வையில்லாதவர்களும் வந்து பார்க்க வேண்டும் என்று அலையாத அலைச்சல் அலைந்து, படிக்குப் பக்கத்தில் சாய்தளம் போட்டு, அதற்கு எவர்சில்வர் கம்பியில் கைப்பிடி வைத்து, காலால் தடவிப் போகிற மஞ்சள் ஓடு பதித்து, மாடிக்கு லிஃப்ட் வைத்து, கம்பி பிடித்து உட்கார்கிற கழிப்பறை கட்டி, தொட்டுப் பார்க்கச் சின்னச் சின்ன மாதிரிச் சிலைகள் செய்து, வியாபாரிகளிடம் கேட்டு நாற்காலியும் வாங்கிப்போட்டு, 'எல்லோரும் வரலாம்' என்று பலகை மாட்டியவர் அவர். எல்லோரும் என்றால் உள்ளே இருப்பவர்களையும் சேர்த்தா என்று அவர் யோசித்திருக்கவில்லை. மேலிடத்துக்குப் போன் போட்டார். "சிலை காணாமல் போச்சா?" என்று கேட்டார்கள். "இல்ல சார், இருக்கு." "சேதமா?" "புதுசா ஒண்ணும் இல்ல சார்." "அப்புறம் எதுக்கம்மா காலங்காத்தால போன் போடுதீங்க?" என்று வைத்துவிட்டார்கள்.

ஊர் குழம்பினாலும் சும்மா இருக்காது. கல் எழுந்து நடந்ததைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. உட்கார்ந்த அம்மனுக்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் பேசினார்கள். முதல் நாள் குங்குமம் வந்தது, மறுநாள் எலுமிச்சம்பழ மாலை வந்தது, மேல்சட்டை இல்லாமல் இருக்கிறாளே என்று யாரோ மஞ்சள் சேலை கொண்டுவந்து சுற்றினார்கள், கல்லம்மா என்று பெயரும் வந்துவிட்டது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் பேனாவை அவள் மடக்கிய விரலுக்குள் செருகி எடுத்துப் போனார்கள். தாழ்வாரத்தில் தேங்காய் உடைக்கக்கூடாது என்று மேடம் சொன்னதால் சாய்தளத்தின் அடியில் உடைத்தார்கள். அம்மன் முன்னால் செருப்போடு போகக்கூடாது என்பதால் சாய்தளம் முழுக்கச் செருப்பு விட்டார்கள். மஞ்சள் ஓடு வரிசையில் நிற்பதற்கு வசதியாக இருந்தது. கம்பி வைத்த கழிப்பறையில் ஓடும் பூட்டும் புதிதாக இருந்ததால் எண்ணெய்த் தகரத்தையும் சாம்பிராணி மூட்டையையும் பூட்டி வைத்தார்கள். நடக்க முடியாதவர்களுக்கென்று கட்டியதெல்லாம் இப்படி நடக்கிறவர்களால் நிரம்பி வழிந்தது. இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை என்பதுதான் மேடத்தின் குழப்பத்தையெல்லாம் மிஞ்சிய குழப்பம்.

அப்படிப்பட்ட ஒரு மத்தியானத்தில்தான் கீழப்பொட்டலிலிருந்து பேச்சி தன் மகள் செண்பகாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கினாள்.

பேச்சி ரவிக்கை தைக்கிறவள். புருசன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பிறந்ததிலிருந்தே காலில் பலமில்லாத செண்பகாவுக்கு இப்போது ஒன்பது வயது. இடுப்புக்குப் பாரம்தான், ஆனால் பேச்சிக்கு அதைப் பாரம் என்று சொல்ல வாய் வராது, சிரித்துக்கொண்டே இடம் மாற்றிக்கொள்வாள். செண்பகாவுக்குத்தான் அது பிடிக்காமல் போய்விட்டது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் பரிசு வாங்க அம்மா இடுப்பில் மேடையேறியபோது கீழே இருந்தவர்களெல்லாம் "அச்சோ" என்றார்கள். அந்த அச்சோ அவள் காதிலேயே தங்கிவிட்டது. இப்போது அவள் வரைந்த படம் ஒன்று, பிள்ளைகள் வரைந்த படங்களின் கண்காட்சியில், கலைக்கூடத்தின் மாடியில் தொங்குகிறது. டீச்சர் போன் போட்டுச் சொல்லியிருந்தார்: இன்றைக்குத்தான் கடைசி நாள், சாயங்காலம் படங்களைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள், கவலைப்படாமல் வாங்க, அங்கே சக்கர நாற்காலி இருக்கிறது. வீட்டு நாற்காலி பஸ்ஸில் ஏறாது. அதனால் அம்மாவும் மகளும் ஓர் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். தாழ்வாரத்துப் பெஞ்சு வரைக்கும் இடுப்பு, அதற்கு மேல் நாற்காலி.

"அதுக்கு மேல தூக்கினா நான் கண்ண மூடிக்கிடுவேன். படத்தப் பாக்காமலே வந்துருவேன்" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள் செண்பகா.

"ஏட்டி, உன் படம்ட்டி."

"என் படம்னாலதான் சொல்லுதேன்."

சாய்தளத்தில் செருப்பாகக் கிடந்தது. தேங்காய்த் தண்ணீர் வழுக்கியது. இது கலைக்கூடமா கோயிலா, நாம் தப்பான நிறுத்தத்தில் இறங்கிவிட்டோமா என்று பேச்சி பலகையைத் திரும்பப் படித்தாள். எல்லோரும் வரலாம் என்று இருந்தது. சரி, வரலாம் போலிருக்கிறது என்று செருப்புகளைக் காலால் ஒதுக்கி ஒதுக்கி மேலே ஏறி, மகளைப் பெஞ்சில் இறக்கிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி காவலாளியிடம் போனாள்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு அந்தச் சக்கர நாற்காலி வேணும்."

ஆறுமுகநயினார் தலையைச் சொறிந்தார். "அதுல அம்மா உக்காந்திருக்காவ."

"எந்த அம்மா? எப்ப எந்திப்பாவ?"

"அத அவியதான் சொல்லணும்."

"கேட்டுச் சொல்லுங்க. இல்லன்னா நானே கேக்கேன்" என்று கூட்டத்தை விலக்கிப் போன பேச்சி, மஞ்சள் சேலைக்குள் கருங்கல் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். அவளுக்கு முதலில் தோன்றியது, கொசுவத்தை இப்படியா செருகுவார்கள் என்பது. அடுத்ததாக, கும்பிட வேண்டும் என்று தோன்றிக் கை எழுந்தது. அதற்கடுத்ததாக, இவள் உட்கார்ந்திருப்பது என் பிள்ளைக்கு வேண்டிய நாற்காலி அல்லவா என்று தோன்றிக் கை பாதியில் நின்றது. கும்பிடுவதா சண்டை போடுவதா? பக்கத்து வீட்டுக்காரியாக இருந்தால் இந்நேரம் ஒரு வார்த்தை கேட்டிருப்பாள், சாமியாக இருந்தால் ஒரு வேண்டுதல் வைத்திருப்பாள். இரண்டும் இல்லாதவளிடம் எந்த வாயைத் திறப்பது என்று தெரியாமல், பாதி எழுந்த கையால் கல்லம்மாவின் கொசுவத்தைச் சரிசெய்துவிட்டாள்.

மேடம் ஓடிவந்தார். "நீங்கதான் செண்பகா அம்மாவா? தப்பா எடுத்துக்காதீங்கம்மா. வேற நாற்காலி கேட்டு எழுதியிருக்கேன், வரல. இந்த அம்மாவ எழுப்பலாம்னா ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

"பூக் கட்டிப் பாத்தியளா?" என்றாள் பேச்சி. சாமி சமாச்சாரம் என்றால் அதுதானே முறை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், விவரமறியாத பிள்ளை ஒன்று எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை.

"பாக்காம இருப்போமா?" என்றாள் வாசலில் பூ விற்கிற உலகம்மா. கல்லம்மாவுக்கு ஆகவேண்டியதையெல்லாம் இப்போது அவள்தான் பார்த்துக்கொண்டாள். "பீடத்துக்குத் திரும்பிப் போறியா தாயேன்னு எப்பக் கேட்டாலும் செவப்பரளிதான். அவளுக்கு இந்த எடம் பிடிச்சுப்போச்சு. எந்திரிக்க மாட்டேங்கா. சாமி பிடிவாதம்."

அதற்குள் கூட்டத்தின் கண் பெஞ்சுக்குப் போய்விட்டது. நடக்க முடியாத பிள்ளை, கல்லம்மாவைத் தேடி, இத்தனை தூரம். அச்சோ என்று ஒரு குரல் எழுந்தது. அந்த ஒரு குரல் பல குரலாகி, இந்தப் பிள்ளை கையால் பூ எடுக்கட்டும், அம்மா அதற்காகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், பிள்ளைக்குக் காலைக் கொடுத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி, சொன்னதே நடந்துவிட்டது போல இரண்டு பேர் கண்ணீரும் விட்டார்கள். அந்த ஆசையைப் பேச்சி, பெரிய ஆஸ்பத்திரியில் கையை விரித்த அன்றைக்கே மடித்து, எதற்குள்ளேயோ வைத்து, பிரிக்க முடியாதபடி தைத்துவிட்டதாக நினைத்திருந்தாள். தையல் விட்டுப்போனது. தப்பா? பெற்றவள் ஆசைப்படக்கூடாதா? ஆனால் பிள்ளை வந்தது படம் பார்க்க அல்லவா? அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"கேளு தாயி, அம்மாட்ட காலு கேளு" என்று உலகம்மா குனிந்து செண்பகாவின் கன்னத்தைத் தடவினாள்.

செண்பகா கல்லம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். "அவங்களுக்கே காலு இல்லயே அத்த. எனக்கு எங்க இருந்து தருவாங்க?"

யாரோ சிரித்துவிட்டு, சிரித்தது குற்றமோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எல்லாரும் திரும்பி உள்ளே பீடத்தைப் பார்த்தார்கள். தண்டை போட்ட பாதங்கள் பூக் குவியலுக்குள் நின்றன. தினமும் அங்கேயும் பூ வைக்கிறார்கள், இங்கேயும் வைக்கிறார்கள். இரண்டையும் சேர்த்து யாரும் நினைத்துப் பார்த்ததில்லை.

செண்பகா இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லம்மாவின் முழங்கைகள் நாற்காலியின் இரண்டு கைகளிலும் பள்ளம் விழுகிற அளவுக்கு அழுந்தியிருந்தன. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறியிருந்தன. உடம்பு ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருந்தது. செண்பகாவுக்கு அது தெரியாதா? வீட்டு நாற்காலியிலிருந்து பாய்க்கு இறங்க அம்மாவுக்காகக் காத்திருக்காமல் தானே ஒருக்களித்து எம்பிப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அவள் தோள் அப்படித்தான் ஏறும்.

"அம்மா" என்றாள். "அவங்க மாட்டேங்கல. எந்திரிக்கத்தான் பாக்காங்க. முடியல."

சாம்பிராணிப் புகை கூடப் போவதா வேண்டாமா என்று நின்றது.

"பூவும் பொய் சொல்லாதுல்லா" என்று உலகம்மா முனகினாள். "செவப்புதான வந்துது?"

"நீங்க பீடத்துக்குப் போறியான்னுதான கேட்டீங்க? அங்க யாரு போவா, நின்னுக்கிட்டே இருக்கணும். தூக்கி விடவான்னு கேளுங்க."

உலகம்மா வாழை இலை கிழித்து, நந்தியாவட்டையை ஒன்றிலும் அரளியை ஒன்றிலும் மடித்து, நார் சுற்றி, முந்தானைக்குள் குலுக்கிப் போட்டாள். எத்தனையோ கல்யாணத்துக்குப் பூக் கட்டிப் பார்த்தவள் அவள். "தாயே, உன்னத் தூக்கி விடவா?" என்று அவள் கேட்ட குரல், சாமியிடம் கேட்பது போல இல்லை, கிணற்றடியில் குடத்தோடு நிற்கிறவளிடம் கேட்பது போல இருந்தது. செண்பகா ஒன்றை எடுத்தாள். நாரைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். வெள்ளை.

இப்போது புதுக் குழப்பம். தூக்குவது யார்? ஆண்கள் தொடலாமா? பெண்களால் முடியுமா? கிரேன் கொண்டுவரலாமா, அதற்கு மேலிடம் சம்மதிக்குமா? பக்கத்துத் தூணில் 'சிற்பங்களைத் தொடாதீர்கள்' என்று பலகை வேறு. மெர்சி மேடம் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கழற்றி, எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்து வைத்துவிட்டு, கைக்குட்டையால் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"ஆளத் தூக்குறதுக்கு எதுக்கு இத்தன பேச்சு?" என்றாள் பேச்சி. இவ்வளவு நேரத்தில் அவளுக்குப் புரிந்த ஒரே காரியம் அதுதான். சேலையை எடுத்துச் செருகிக்கொண்டு, நாற்காலிக்கு முன்னால் போய் நின்று, தன் முழங்காலைக் கல் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, இரண்டு கைகளையும் கல்லம்மாவின் கக்கத்துக்குள் விட்டு முதுகுக்குப் பின்னால் கோர்த்தாள். "அண்ணாச்சி, நாற்காலி நகராமப் பிடிங்க. ஏக்கா, நீங்க கும்பிட்டுக்கிட்டே இருங்க, தப்பில்ல, கொஞ்சம் தள்ளி நின்னு கும்பிடுங்க." அப்புறம் தினமும் காலையில் மகளிடம் சொல்வதையே சொன்னாள்: "என் மேல சாஞ்சுக்கோ. பயப்படாத. ஹூம்."

கல் கல்லாகத்தான் கனத்தது. முதுகெலும்பு நொறுங்குவது போல இருந்தது. ஆனால் தூக்கப்பட்டுப் பழகிய உடம்பு தூக்குகிறவளுக்குத் தன்னைக் கொடுக்கும். செண்பகா மூச்சை இழுத்துத் தன்னை லேசாக்கிக்கொள்வாளே, அது போல அந்தக் கல்லும் எங்கிருந்தோ ஒரு மூச்சை இழுத்துத் தன்னைக் கொடுத்தது. கல்லம்மா எழுந்துவிட்டாள். குளிர்ந்த கன்னம் பேச்சியின் கழுத்தில் பட்டது.

எழுந்த பிறகுதான் பேச்சிக்குத் தெரிந்தது, இவளை எங்கே வைப்பது என்று யோசிக்கவில்லை. பாதம் இல்லை, நிற்க மாட்டாள். பீடம் தூரம், அங்கே போகவும் மாட்டாள். "எங்கட்டி வைக்க? யாராச்சும் சொல்லுங்களேன்!" என்று பேச்சி கத்த, அங்கே இங்கே என்று எல்லாரும் எல்லாப் பக்கமும் கையைக் காட்ட, அவள் கல்லைக் கட்டிப்பிடித்தபடி நாற்காலியைச் சுற்றித் தள்ளாடி, கால் வழுக்கி, நாற்காலிக்குப் பின்னால் சாய்ந்தாள். விழுந்தே விட்டோம் என்று கண்ணை மூடினாள். விழவில்லை. கல்லம்மாவின் நீட்டிய கைகள், விளக்கா மாலையா என்று யாருக்கும் தெரியாமல் அத்தனை காலமும் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த விரல்கள், நாற்காலியின் தள்ளுகிற கைப்பிடிகளில் போய் நுழைந்துகொண்டன. அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. இடது பக்கம் கொஞ்சம் இறுக்கம். மற்றபடி ஒரு நூல் கூடக் குறையவில்லை. தைக்கிறவளுக்குத் தெரியாதா?

பேச்சி கையை எடுத்தாள். கல்லம்மா கைப்பிடியில் சாய்ந்து நின்றாள்.

மேலிடத்திலிருந்து பிற்பாடு ஆட்கள் வந்து, இந்தப் பெண் காட்சிப் பொருளா, பணியாளரா, பணியாளர் என்றால் எந்தப் பிரிவு என்று கேட்கப்போகிறார்கள். உலகம்மா கழிப்பறையைக் காலி செய்து கழுவிவிடப்போகிறாள். செருப்பைச் சாய்தளத்தில் விட்டால் ஆறுமுகநயினார் தூக்கித் தெருவில் எறியப்போகிறார். பீடத்துப் பாதங்களுக்கு மட்டும் கேட்பாரில்லாமல் பூ விழுந்துகொண்டே இருக்கப்போகிறது. வண்டி தள்ளுகிறவளைக் கும்பிடுவதா, நன்றி சொல்வதா என்று மேலமடையூர் என்றைக்கும் குழம்பப்போகிறது. அதெல்லாம் அப்புறம். அன்றைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"நீ தூக்காத" என்று சொல்லிவிட்டு, செண்பகா, ஆறுமுகநயினார் நாற்காலியோடு ஒட்டித் தள்ளிக் கொடுத்த பெஞ்சிலிருந்து கையை ஊன்றி, ஒருக்களித்து, எம்பி, காலியான நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள். பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "போலாம்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். கல்லம்மாவின் கணுக்கால்கள் தரையில் கரகரவென்று உரச, நாற்காலி நகர்ந்தது. யாரும் அச்சோ என்று சொல்லவில்லை. வழி விட்டார்கள்.

பேச்சி பின்னால் போனாள். பக்கத்தில் போனாள். மறுபடியும் பின்னால் போனாள். எங்கே நடக்க வேண்டும் என்றே அவளுக்குத் தெரியவில்லை. முக்கியமாக, கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டிக்கொண்டால் கோபம் போல இருந்தது, தொங்கவிட்டால் வேறு யாருடைய கையோ போல இருந்தது. இடுப்பு ஒரு பக்கமாகவே வளைந்து இல்லாத பிள்ளைக்கு இடம் கொடுத்தது. லிஃப்ட் கண்ணாடியில் பார்த்தபோது, கையில் தீச்சட்டி இல்லாமல் தீமிதிக்கப் போனவள் மாதிரி இருந்தாள்.

"சும்மா வீசிக்கிட்டு வாம்மா" என்றாள் செண்பகா.

மாடியில் வரிசையாகப் படங்கள். மயில், சூரியன், மயில், தேசியக் கொடி, மயில். கடைசிச் சுவரில் செண்பகாவின் படம். கொஞ்சம் உயரத்தில் மாட்டிவிட்டார்கள். உட்கார்ந்து பார்க்கிறவளுக்குக் கழுத்து வலிக்கும். மேடம் நாக்கைக் கடித்துக்கொண்டு கழற்றி, ஒரு ஸ்டூலின் மேல், நாற்காலிக்கு நேராகச் சாய்த்து வைத்தார். அடியில் செண்பகாவின் கையெழுத்து: பஸ்ஸில் போறோம்.

பஸ்ஸுக்குள் நல்ல கூட்டம். ஆனால் ஒரு முகம் இல்லை. பின்னந்தலைகள், கொண்டைகள், வாடின பிச்சிப்பூ, ஒருவர் கழுத்துத் துண்டு, கம்பியைப் பிடித்த விரல்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய காது. அதன் மடிப்பு, பின்னால் ஒட்டின வேர்வை முடி, தோடு போட்ட ஓட்டை, அதற்கு மேலே இன்னொரு சின்ன ஓட்டை, அது தூர்ந்துவிடாமல் செருகின துளி ஈர்க்குச்சி, எல்லாம் இருந்தது.

பேச்சிக்குப் படம் பிடிபடவில்லை. மயில் என்றால் மயில் என்று சொல்லிவிடலாம். தலையை இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள்.

"யாரு காதுட்டி இது?"

"யாரு காதா?" செண்பகா அவளை அண்ணாந்து பார்த்தாள். "உன் காதும்மா. உன் இடுப்புல இருந்தா எனக்கு அதுதான தெரியும்."

பின்னால் கல்லம்மா கைப்பிடியில் சாய்ந்து நின்றாள். கீழே யாரோ செருப்புத் தேடும் சத்தம் கேட்டது. இவ்வளவு நேரம் எங்கே போவதென்று தெரியாமல் திரிந்த கைகளில் ஒன்று, பேச்சி சொல்லாமலே எழுந்து, மெல்லப் போய், தன் காதில் மேலே இருந்த சின்ன ஓட்டையைத் தடவியது.

குச்சி அங்கேதான் இருந்தது.